எழிலும் பைத்தானும்: ஓட்டத்தை அளக்கும் விதம்

தமிழில் நிரல் எழுதும் பொருட்டு இயற்றப்பட்ட எழில் என்னும் மொழியையும், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்வரை வந்து சேர்ந்துவிட்ட பைத்தான் மொழியையும், ஒரே கணக்கைக் கொடுத்து ஓடவிட்டு, எது முந்துகிறதென்று பார்ப்பது நியாயமான காரியந்தானா என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நியாயமென்றே நான் கருதுகிறேன். முந்தியது இது, பிந்தியது அது என்று எழுதி வைத்துவிட்டு எழுந்து போவதற்காக அன்று. நிரலைப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரட்டர் ஒன்று ஏன் தாமதிக்கிறது என்று ஆராயப் புகுந்தவன், அதன் உள்ளே நடப்பது என்ன என்பதை அறியாமல் வெளியே வர முடியாது. அந்த அறிவே வேக ஒப்பீட்டின் தலையாய பிரயோஜனம் என்பதும், அதை நாடாத ஒப்பீடு வெறும் எண்களின் வரிசையாக நின்றுவிடும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டானதற்கு எங்கள் ஊரின் அமைப்பும் ஒரு காரணம். கருமத்தம்பட்டி நால்ரோட்டில் காலை வேளையில் நின்று பார்த்தால், கணியூருக்கும் அரசூருக்கும் பொறியியல் மாணவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவற்றில் ஏறுகிறார்கள். மாலையில் அவர்களிற் சிலரும், மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் கணினிப் பாடத்தில் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வருவார்கள். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக வைக்கப்பட்டதற்குப் பிறகு, அவர்கள் பதினோராம் வகுப்பில் கற்ற சி++ மொழியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது சார் வேகம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாடநூலிலேயே சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவதைப் பற்றி ஓர் அத்தியாயம் இருப்பதால், கேள்வி எழுவது இயல்பே. நானோ அவர்களுக்கு மூன்றாவதாக எழிலையும் காட்டுகிறவன். ஆகையால் கேள்வி மூன்று மடங்காகிறது.

எழிலை இயற்றியவர் முத்தையா அண்ணாமலை. 2009ஆம் ஆண்டில் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்; 2013ஆம் ஆண்டில், இளம் பருவத்தில் கணினி அறிவியல் கற்பிப்பதற்கு அதைப் பயன்படுத்தும்படி அழைப்பு விடுத்து மற்றொரு கட்டுரையை எழுதினார். மூலநிரல் யாவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த ஒரு குழந்தை, ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யாமலே, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகிய கருத்துகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஃபிபோனாச்சி எண்ணைக் காணும் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

நிரல்பாகம் ஃபிபோ(அ)
  @( அ < 2 ) ஆனால்
    பின்கொடு அ
  முடி
  பின்கொடு ஃபிபோ(அ - 1) + ஃபிபோ(அ - 2)
முடி

பதிப்பி ஃபிபோ(20)

நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக, நாம் பேசும் வரிசையிலேயே வாக்கியம் அமைந்திருப்பதால், முதல் நாளே பிள்ளைகள் இதைப் படித்துப் பொருள் சொல்லிவிடுகிறார்கள். விடை 6,765. ஆனால் இந்தச் சிறிய விடையை அடைவதற்குள் ஃபிபோ என்னும் செயற்கூறு 21,891 முறை அழைக்கப்படுகிறது. 20 என்பதை 30 என்று மாற்றினால் அழைப்புகள் 26,92,537 ஆகிவிடும். வேறு வேலை ஏதும் செய்யாமல் தன்னைத்தானே அழைத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட கணக்காதலால், செயற்கூற்றை அழைப்பதற்கு ஓர் இன்டர்பிரட்டர் எவ்வளவு கூலி வாங்குகிறது என்பதை இது பச்சையாகக் காட்டிவிடும். இதே ஏழு வரிகளைப் பைத்தானில் எழுதி 30க்கு ஓட்டினால், இன்றைய சாதாரண மடிக்கணினியில் ஒரு வினாடிக்குள் விடை வந்துவிடுகிறது. எழிலில் 20க்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. 30க்கு ஓட்டினால், எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சோமனூரிலிருந்து வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, முகம் வாடிக் கேட்டாள்: "ஏனுங் சார், தமிழ் எழுத்துல எழுதறதாலதான் இது இவ்வளவு மெதுவா ஓடுதுங்களா?"

"இல்ல கண்ணு. எழுத்தைப் படிக்கறது ஒரேயொரு தடவைதான். அதுக்கப்புறம் எழுத்தே அங்க இல்லை" என்றேன். அவளுக்கு அது போதவில்லை, போதாதது நியாயமே. இந்தச் சந்தேகம் அவளுக்கு மட்டும் உரியதன்று. நம்முடைய எழுத்தே நமக்குப் பாரமோ என்னும் ஐயம் படித்தவர் பலருடைய உள்ளத்திலும் பதுங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆதலால் அதைச் சற்று நிதானமாகவே அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

நிரல்பாகம் என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அதுவே பத்துக் குறியீடாகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டாக முப்பது பைட் இடம் கொள்கிறது. ஆங்கிலச் சொல்லானால் எழுத்துக்கு ஒரு பைட்டே போதும். ஆகவே கோப்பைத் திறந்து படிக்கும்போது தமிழுக்குச் சற்று அதிக வேலை உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அந்த வேலை, நிரல் ஓடத் தொடங்குமுன் ஒரே முறை நடந்து முடிந்துவிடுகிறது. செயற்கூறு இருபதாயிரம் முறை அழைக்கப்பட்டாலும் கோப்பு இருபதாயிரம் முறை படிக்கப்படுவதில்லை. பெயர்களைத் தேடும்போதும் அவ்வாறே: ஒரு சொல்லுக்குரிய அடையாள எண்ணை ஒருமுறை கணக்கிட்டுப் பைத்தான் தன்னிடமே வைத்துக்கொள்வதால், சொல் நெடிதாயினும் குறிதாயினும் பின்னர் வரும் தேடல்களுக்கு அதனால் தாமதம் இல்லை. இதை அவளே சோதித்துப் பார்க்க வழி சொன்னேன். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் பைத்தானில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க இடமுண்டு. பாடநூலில் உள்ளபடி ஆங்கிலப் பெயரோடு ஒரு முறையும், ஃபிபோ என்றும் அ என்றும் பெயர் மாற்றி ஒரு முறையும் அதே கணக்கைப் பைத்தானில் ஓட்டினாள். ஓடிய நேரத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் ஏதும் இல்லை. அவள் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கும் மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

அப்படியானால் தாமதத்துக்குக் காரணம் எது? எழிலின் இன்டர்பிரட்டர் பைத்தானில் எழுதப்பட்டது என்பதும், அது நிரலை ஒரு மரமாக விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த மரத்தின் கிளைகளில் ஏறி இறங்கி விடை காண்கிறது என்பதுமே காரணம். 'அ - 1' என்னும் சின்னஞ்சிறு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தல் என்பது ஒரு கணு. அதற்கு இடப்புறம் அ என்னும் பெயர்க் கணு. வலப்புறம் 1 என்னும் எண் கணு. இன்டர்பிரட்டர் முதலில் கழித்தற் கணுவை அழைத்து, உன் மதிப்பு என்ன என்று கேட்கிறது. அக்கணு தன் இடப்பிள்ளையை அழைத்துக் கேட்கிறது. அந்தப் பிள்ளை, அ என்னும் பெயருக்கு இப்போது உரிய மதிப்பு எது என்று அகராதி போன்ற ஓர் அட்டவணையில் தேடி எடுத்துக் கொடுக்கிறது. பின்னர் வலப்பிள்ளை அழைக்கப்பட்டு 1 என்று சொல்கிறது. அதன்பின், இது கூட்டலா கழித்தலா என்று பார்த்து, கழித்து, விடையைத் தன்னை அழைத்தவரிடம் ஒப்படைத்துக் கழித்தற் கணு ஓய்கிறது. இந்த ஒவ்வோர் அழைப்பும் பைத்தானில் ஒரு செயற்கூற்றின் அழைப்பு. அந்த ஒவ்வொரு செயற்கூற்றையும் நிறைவேற்றப் பைத்தானின் இன்டர்பிரட்டர் தன்னுடைய கட்டளைகள் பலவற்றை நடத்த வேண்டும். அந்த ஒவ்வொரு கட்டளைக்கும் யந்திரம் தன் மொழியில் பல அடிகள் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கழித்தலுக்காக மூன்று அடுக்குகளில் நடக்கும் பிரயாணம் இது.

பைத்தானிலோ அதே 'அ - 1' மூன்றே கட்டளைகளாக முன்னமே சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது: அ-வை எடுத்து வை, 1-ஐ எடுத்து வை, கழி. பைட்கோடு என்று வழங்குவது இதுவே. செயற்கூற்றுக்குள் இருக்கும் அ என்னும் மாறியைப் பெயரால் தேடுவதுமில்லை; இத்தனையாவது ஸ்தானத்தில் இருக்கிறது என்று எண்ணிட்டு வைத்திருப்பதால் நேரே கை வைத்து எடுத்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 3.11 பதிப்பில் மார்க் ஷானன் முதலியோர் சேர்த்த யுக்தி இன்னும் நுட்பமானது. ஒரு கழித்தல் சில முறை ஓடியும் முழு எண்களையே கண்டதானால், பொதுவான 'கழி' என்னும் கட்டளையை அழித்து 'முழு எண்ணைக் கழி' என்னும் தனிக் கட்டளையை அந்த இடத்தில் எழுதிக்கொள்கிறது. எப்போதாவது பின்ன எண் எதிர்ப்பட்டால் பழைய கட்டளையின் வழிக்கே திரும்பிவிடுகிறது. தான் நிறைவேற்றும் நிரலைக் கவனித்துத் தன் நடையைத் திருத்திக்கொள்ளும் இந்தக் குணத்தால், பைத்தான் 3.11 முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 விழுக்காடு விரைவாக ஓடுகிறதென்று அதை வெளியிட்டவர்களே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். சில நிரல்களில் பத்து விழுக்காடுதான், சிலவற்றில் அறுபது.

மரத்தில் ஏறி இறங்கும் முறையைப் பற்றி இவ்வளவு சொன்னதனால், அது அறியாமையால் நேர்ந்ததென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியரான மாட்ஸுமோட்டோ 1995ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த ரூபி மொழி, பதிப்பு 1.8 வரையில் இவ்வாறே மரத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த நடையிலேயே உலகத்தின் பெரிய இணையதளங்கள் பலவற்றை அது தாங்கி நின்றது. கோயிச்சி சசாடா என்பவர் அதற்கு ஒரு பைட்கோடு இன்டர்பிரட்டரை இயற்றி, அது 2007 டிசம்பரில் 1.9 பதிப்போடு வெளிவந்த பிறகுதான் ரூபியின் நடை மாறிற்று. மரத்தில் நடக்கும் இன்டர்பிரட்டர் எழுதுவதற்கு எளிது, படிப்பவனுக்கும் தெளிவு, மொழியின் இலக்கணத்தை நாளும் மாற்றிப் பார்க்கச் சௌகரியம். ஒரு மொழியின் இளமைப் பருவத்துக்கு உகந்த முறை அது. குழந்தைகளுக்காகப் பிறந்த எழில் அந்தப் பருவத்தில் இருப்பதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டில், ரியோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993ஆம் ஆண்டில் மூவர் சேர்ந்து இயற்றிய லுவா, சிறிய மொழியாயினும் சுறுசுறுப்பான இன்டர்பிரட்டர் உடையது என்று பெயரெடுத்து உலகமெங்கும் சென்றிருக்கிறது. ஆங்கில நாட்டாருக்கே இத்துறை உரியது என்னும் எண்ணத்துக்கு லுவாவும் ரூபியும் போதிய மறுப்பு.

இனி அளக்கும் விதத்துக்கு வருகிறேன். இன்டர்பிரட்டர்களை ஒப்பிடும் ஆசை புதிதன்று. வீட்டுக் கணினிகள் தோன்றிய காலத்தில், 1977ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிலோபாட் என்னும் மாத இதழில் டாம் ரக், ஃபில் ஃபெல்ட்மன் என்னும் இருவர், பேசிக் மொழியில் எழுதிய ஏழு குட்டி நிரல்களை வெளியிட்டு, அந்நாளில் விற்பனையிலிருந்த கணினிகளின் பேசிக் இன்டர்பிரட்டர்களை அவற்றால் சோதித்தார்கள். பின்னர் இங்கிலாந்தின் பர்சனல் கம்ப்யூட்டர் வேர்ல்டு இதழ் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, புதிதாக வரும் கணினி ஒவ்வொன்றையும் அந்த எட்டாலும் பரீட்சித்துப் பட்டியல் போட்டுவந்தது. இவ்வளவு எளிய நிரல்களா என்று இன்று படிப்பவர்கள் வியப்பார்கள். ஆனால் அவற்றின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், எழுதியவர்களின் சாமர்த்தியம் புலப்படும்.

முதல் நிரல், ஆயிரம் முறை சும்மா சுற்றும் ஒரு மடக்கு. இரண்டாவது, அதே ஆயிரம் சுற்றையும் நிபந்தனை வைத்து வரி எண்ணுக்குத் தாவிச் சுற்றுவது. மூன்றாவதில், அந்த மடக்குக்குள் ஒரு மாறியை அதே மாறியால் வகுத்துப் பெருக்கிக் கூட்டிக் கழிக்கும் ஒரு வரி சேர்கிறது. நான்காவதில், அந்த வரியில் மாறிகள் நின்ற இடத்தில் 2, 3, 4, 5 என்னும் எண்கள் நிற்கின்றன. ஐந்தாவதில் ஒரு துணைநிரலின் அழைப்பு. ஆறாவதிலும் ஏழாவதிலும் உள்மடக்கும் அணியும். அடுத்தடுத்த நிரல்கள் அற்ப வித்தியாசமே உடையவை. ஆதலால் ஒன்றின் நேரத்திலிருந்து அதற்கு முந்தியதன் நேரத்தைக் கழித்தால், இடையில் சேர்ந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆகும் செலவு கையில் நிற்கிறது. ஏழு எண்களையும் கூட்டிச் சராசரி கண்டு கணினிகளைத் தரவரிசைப்படுத்தியவர்கள் அந்தச் சோதனையின் சாரத்தை வீணாக்கினார்கள் என்றே சொல்வேன். கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது கதவைத் திறந்தது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். மாறியைத் தேடுவது எளிதா, நிரலில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பது எளிதா என்பதே அங்கே கேள்வி. அந்நாளில் கமடோர் முதலிய கணினிகளில் இருந்த மைக்ரோசாஃப்ட் பேசிக், நிரலில் உள்ள எண்ணை எழுத்து எழுத்தாக வைத்திருந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதைப் புதிதாகப் படித்து எண்ணாக்கியது; ஆகவே எண்ணை ஒரு மாறியில் இட்டு வைத்து அந்த மாறியை வழங்குவது வேகத்துக்கு வழியென்று அனுபவசாலிகள் சொல்லிக்கொடுத்தார்கள். சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினியோ, நாம் எண்ணைத் தட்டெழுதும்போதே அதன் கணித உருவத்தை ஐந்து பைட்டில் அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைத்துக்கொண்டது. அதனால் ஓடும்போது மறுபடி படிக்கும் வேலை அதற்கு இல்லை. அதற்கு ஈடாக நினைவகம் செலவாயிற்று. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக், ஏ முதல் இசட் வரையிலான முழு எண் மாறிகளுக்கு நினைவகத்தில் நிலையான இடங்களை முன்பே ஒதுக்கி வைத்தது. அவற்றைத் தேட வேண்டியதே இல்லை. அக்காலத்து எட்டு-பிட் கணினிகளுள் அந்தப் பேசிக்கை இயக்கிய பிபிசி மைக்ரோ வேகத்துக்குப் பேர்பெற்று நின்றதற்கு இத்தகைய சூட்சுமங்களும் ஒரு காரணம். 1984ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட யந்திரமும் இந்தப் பிபிசி மைக்ரோவே. நம் நாட்டுப் பிள்ளைகளில் ஒரு தலைமுறையினர் முதன்முதல் தொட்டது அக்காலத்தின் தலைசிறந்த இன்டர்பிரட்டர்களுள் ஒன்று என்பதை நினைக்கும்போது, அந்தத் தேர்வைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டத் தோன்றுகிறது.

அந்த ஆயிரம் சுற்று மடக்கை இன்று அப்படியே எடுத்து ஓட்டினால் வேறொரு பாடம் கிடைக்கும். பைபை என்பது பைத்தான் மொழியையே வேறு விதமாக இயக்கும் ஓர் ஏற்பாடு. நிரலில் அடிக்கடி சுழலும் பகுதியைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை யந்திர மொழிக்கு மாற்றிவிடும் ஜிட் என்னும் உபாயத்தைக் கைக்கொண்டது அது. நீண்ட கணக்குகளில் அது சாதாரணப் பைத்தானைப் பன்மடங்கு முந்திவிடும். ஆனால் இயல்பான அமைப்பில், ஒரு மடக்கு 1,039 முறை சுற்றிய பிறகே அது மாற்றத்தக்கதென்று பைபை கருதுகிறது. ஆயிரம் சுற்றோடு நின்றுவிடும் நிரல், பைபை கண் விழிப்பதற்குள் முடிந்து போகும்! அந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பைபையை எடை போட்டால், அதன் திறமையில் ஒரு துளியையும் நாம் கண்டிருக்க மாட்டோம். இதற்கு நேர்மாறாக, கோள்களின் இயக்கத்தை ஐந்து கோடி படிகளாகக் கணக்கிடும் நிரல் ஒன்று மொழிகளின் வேக ஒப்பீட்டில் பல்லாண்டாக வழங்கிவருகிறது. சி மொழியில் சில வினாடிகளில் முடியும் அது, சாதாரணப் பைத்தானில் பல நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். அதை மட்டும் பார்த்தவர்கள், பைத்தான் எதற்கும் உதவாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பட்டியல்களை வரிசைப்படுத்தும் நிரலைச் சோதனையாக வைத்தாலோ நிலைமை தலைகீழாகும். பைத்தானின் வரிசைப்படுத்தும் பகுதி, டிம் பீட்டர்ஸ் 2002ஆம் ஆண்டில் சி மொழியில் எழுதியது. அங்கே வேலை செய்வது இன்டர்பிரட்டரே அன்று. எழிலிலிருந்து அதை அழைத்தாலும் ஓடப் போவது அதே சி நிரல்தான். ஃபிபோவில் வெகுதூரம் பின்தங்கிய எழில், அந்தச் சோதனையில் பைத்தானுக்கு வெகு அருகில் வந்துவிடும்.

எங்கள் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரும், நிமிஷத்துக்கு இத்தனை பிக் (ஊடை இழை) என்று விற்பவன் சொல்வதை மட்டும் கேட்டுத் தறி வாங்குவதில்லை. பாவு எத்தனை தரம் அறுந்தது, தார் மாற்ற எவ்வளவு நேரம் நின்றது, தான் ஓட்டும் நூலுக்கு ஷிப்ட் முடிவில் எத்தனை மீட்டர் இறங்கிற்று என்று பார்த்துத்தான் கை நீட்டுவார். இன்டர்பிரட்டர் விஷயத்திலும் வேலை இன்னதென்று நிர்ணயித்த பிறகே வேகம் என்னும் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. 'வணக்கம்' என்று பதிப்பிக்கும் ஒரு வரி நிரலை, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் முதன்முதல் ஓட்டிப் பார்க்கும் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு, ஃபிபோவின் அழைப்புகள் எத்தனை வினாடியில் முடிகின்றன என்பதனால் ஆவதென்ன? பொத்தானை அழுத்தியது முதல் சொல் திரையில் தோன்றும் வரையிலுள்ள நேரமே அக்குழந்தைக்கு வேகம். எழில் அங்கே சிரமப்படுவது வேறு காரணத்தால்: முதலில் பைத்தான் எழ வேண்டும், பிறகு எழிலின் பகுதிகள் ஏற வேண்டும், அதற்கப்புறமே நிரல் தொடங்கும். ஆகவே தொடக்க நேரத்தைத் தனியே அளந்து தனியே எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வற்புறுத்துகிறேன்.

அளவு கோணலாகிப் போவதற்கு இன்னும் நுண்ணிய காரணங்கள் உண்டு. மிட்கோவிச் முதலிய நால்வர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு நிரலைச் சிறிதும் மாற்றாமல், அது ஓடும் சூழலில் வைத்திருக்கும் மாறிகளின் மொத்த நீளத்தை மட்டும் கூட்டிக் குறைத்தாலே, நினைவகத்தில் இடங்கள் சற்று நகர்ந்து ஓட்ட நேரம் மாறிவிடுவதை மெய்ப்பித்தார்கள். ஒருவருடைய கணினியில் பயனர் பெயர் நீளமாகவும் மற்றொருவருடைய கணினியில் குறுகியும் இருப்பதே, முன்னேற்றம் என்று நாம் கொண்டாடுவதைப் பொய்யாக்கப் போதுமானதாக இருக்கலாம்! 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் விசேஷமானது. பைத்தான் 3.14க்காக எழுதப்பட்ட புதிய இன்டர்பிரட்டர் அமைப்பு ஒன்பது முதல் பதினைந்து விழுக்காடு வேகத்தைக் கூட்டுகிறதென்று முதலில் அறிவிக்கப்பட்டது. நெல்சன் எல்ஹேஜ் என்பவர் துருவி ஆராய்ந்து, ஒப்பிட எடுத்துக்கொண்ட பழைய இன்டர்பிரட்டர், கிளாங் 19 என்னும் கம்பைலரில் நேர்ந்த ஒரு பிழையால் இயல்பைவிட மெதுவாக ஓடியதென்று கண்டறிந்தார். புதியது விரைந்ததில் பெரும்பகுதி, பழையது காலிடறியதன் தோற்றமே. அந்த அமைப்பை இயற்றிய கென் ஜின் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஆவணமும் மூன்று முதல் ஐந்து விழுக்காடு என்று திருத்தப்பட்டது. உலகப் புகழ் பெற்ற நிபுணர் கூட்டத்துக்கே இது நேர்கிறதென்றால், நாம் நம் வீட்டுக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதும் எண்ணை எவ்வளவு சந்தேகத்தோடு நோக்க வேண்டும்! சித்திரை மாதத்து உச்சிவெயிலில், மின்விசிறியும் நின்ற அறையில், மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; காலையில் ஓட்டிய மொழி வென்றதாகவும் மதியம் ஓட்டிய மொழி தோற்றதாகவும் எழுதிவிட இடமுண்டு. ஆகவே மொழிகளை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டி, எல்லா நேரங்களையும் குறித்து வைத்துக்கொள்வதே வழி.

இப்போது எழிலுக்கே திரும்புகிறேன். அதன் வேகத்தைக் கூட்ட வழிகள் மூன்று எனக்குத் தோன்றுகின்றன. பைபையை இயற்றியவர்கள், எந்த மொழிக்கும் இன்டர்பிரட்டர் எழுதிக் கொடுத்தால் ஜிட்டைத் தாமே பொருத்தித் தரும் ஒரு கருவித் தொகுதியைச் செய்து வைத்திருக்கிறார்கள். எழிலை அதில் மறுபடி எழுதுவது ஒன்று. ரூபி சென்ற வழியில் பைட்கோட்டுக்கு மாறுவது மற்றொன்று. இரண்டும் பெரிய காரியங்கள். மாதக்கணக்கில் பலர் உழைக்க வேண்டியவை. மூன்றாவது சிறியது. மரத்தை மரமாகவே வைத்துக்கொண்டு, பெயர்த் தேடலை மட்டும் ஒழிப்பது.

அந்தச் சிறிய வேலையை நான் முதலில் விரும்புவதற்குக் காரணம், மேலே காட்டிய ஃபிபோவிலேயே இருக்கிறது. 21,891 அழைப்புகளில் 10,946 அழைப்புகள் அ-வின் மதிப்பு இரண்டுக்குக் குறைந்து உடனே திரும்புபவை. அவை ஒவ்வொன்றிலும் அ இரண்டு முறை தேடப்படுகிறது. மற்ற 10,945 அழைப்புகளில் மூன்று முறை. ஆக அ என்னும் ஓரெழுத்துப் பெயருக்காக மட்டும் 54,727 தேடல். ஃபிபோ என்னும் பெயருக்கு 21,891. இந்த 76,618 தேடல்களில், முதல் வகையைச் சேர்ந்தவை அத்தனையும் செயற்கூற்றைப் படிக்கும்போதே தீர்த்து வைக்கக் கூடியவை. ஏனெனில் அ என்பது அந்தச் செயற்கூற்றின் முதல் ஸ்தானத்தில் நிற்பதென்பது நிரல் ஓடுவதற்கு முன்பே நமக்குத் தெரியும். பெயர்க் கணு தன் பெயரைக் காட்டுவதற்குப் பதிலாகத் தன் ஸ்தான எண்ணைக் காட்டும்படி செய்துவிட்டால், அகராதியைப் புரட்ட வேண்டிய வேலை பட்டியலில் விரல் வைக்கும் வேலையாகிவிடும். கணுக்களை அழைக்கும் செலவு அப்படியே இருக்குமாதலால் பைத்தானை எட்டிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும், செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே கணினியில், ஒரே ஃபிபோவை மாற்றி மாற்றி ஓட்டிக் கழித்துப் பார்த்தால், பெயரைத் தேடுவதற்கு எழில் கொடுத்துவந்த விலை எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும். சோமனூர் மாணவி எழிலின் மூலநிரலில் அந்தக் கணு இருக்கும் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கியிருக்கிறாள். அவளும் நானும் அளந்த நேரங்களை, எந்தக் கணினி, பைத்தானின் எந்தப் பதிப்பு என்னும் விவரங்களோடு இந்த வலைப்பதிவிலேயே எழுதுகிறேன்.